குவாரிக் குட்டையில விட்ட வெத மீனு

ரெண்டாயிரத்து அஞ்சு, சித்திரை மாசம். நல்லேரிக் கண்டிகை ஏரியில உசுரோட மிச்சம் இருந்தது இருபத்தாறு விராலு. எண்ணுனவ ருக்மணி.

எண்றதுக்குப் பெரிய வித்தை ஒண்ணும் வேணாம். தூம்புக்கு முன்னால, ஏரிக்குள்ள ஒரு மடு. நாலு கட்டில ஒட்டிப் போட்டா நெறஞ்சிடும், அவ்ளோதான். மிச்ச ஏரியெல்லாம் பாளம் பாளமா வெடிச்சு, ஆடு மேயக்கூட புல்லு இல்லாம கெடக்குது. இந்த மடுவுல மட்டும் முட்டி அளவு சேத்துத் தண்ணி. விராலு தண்ணிக்குள்ளயே கெடக்கிற சாதி இல்ல. அப்பப்போ மேல வந்து வாயத் தொறந்து காத்தை ஒரு முழுங்கு முழுங்கிட்டுப் போவும். கரையில குந்திக்கினு அந்தத் தலைங்கள எண்ணணும். ருக்மணி காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா எண்ணுவா. கண்டிகையில இருந்தவங்க சிரிச்சாங்க.

"இன்னாடி மஸ்கட்டு, மீனுக்கு ரேசன் கார்டு போடப் போறியா?"ன்னு கேட்டா பக்கத்து வூட்டு செல்லியம்மா.

"உனக்கு முன்னாடி அதுங்களுக்குக் குடுத்துடுவாங்க, போ"ன்னா ருக்மணி.

நல்லேரிக் கண்டிகை ஆந்திராவுல, தமிழ்நாட்டு பார்டர் ஓரமா, நாகலாபுரத்துக்குக் கெழக்க இருக்கிற ஊரு. ருக்மணி புருசன் உமாபதி வூடு நீர்கட்டி வூடு. தூம்பத் தொறக்கறது, மூடறது, எவன் கழனிக்கு எத்தினி நேரம் தண்ணின்னு பாத்து உடறது, எல்லாம் அவங்க வேல. தண்ணிய ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்த அந்த வூட்டுக்கு, உமாபதியோட நைனா முனிசாமி காலம் வரைக்கும் ஒரு குழி நெலம் கெடையாது. ஊர்வலம் போயி, மண்டல ஆபீசு முன்னால ஒக்காந்து, அடி வாங்கி, கடசியில ஏரிக்குக் கீழ அர ஏக்கரா பட்டா வாங்குனாங்க. பட்டா கைக்கு வந்தப்ப ஏரியில தண்ணி வர்றது நின்னுச்சு. சுத்தி நெலம் வச்சிருந்தவனெல்லாம் ஆழ் போரு போட்டான். கீழ இருக்கிற தண்ணிய பாட்டில்ல அடச்சு விக்க ஒருத்தன் வந்தான். அவனவன் காசு, அவனவன் போருன்னு சர்க்காரு சொல்லிடுச்சு. ஏரி யாரு போட்ட காசுன்னு எவனும் கேக்கல.

நீர்கட்டிக்கு இன்னொரு வேலையும் இருந்துது. அது எந்தக் காகிதத்துலயும் இல்ல. வெத மீனு காக்கிறது.

கோடையில ஏரி வத்தும்போது ஒரு நாளு ஊரே எறங்கி மீனு புடிக்கும். சேலை, கொசுவலை, கூடை, கையில எது இருக்கோ அது. ஆனா மடுவுல மட்டும் எவனும் கை வக்கக் கூடாது. நீர்கட்டி வேலிக்காத்தான் முள்ள வெட்டிக்கினு வந்து மடு முழுக்கப் போட்டுடுவான், வல போட முடியாது. அந்த மடுவுல இருக்கிறது அடுத்த வருசத்து வெத. மழ பேஞ்சு ஏரி நெறஞ்சா அதுங்கதான் முட்ட போடும். தாயும் தகப்பனும் ரெண்டு பக்கமும் காவலு நிக்க, செவப்புக் குஞ்சுங்க ஒரு பந்து மாதிரி ஒட்டுக்கா சுத்திக்கினு வரும். அந்தப் பந்தைப் பாத்தா எந்தத் தூண்டில்காரனும் தூண்டிலை மடக்கிடுவான்.

மடுவே காஞ்சிடும்போல இருந்தா? அதுக்கும் மொற இருந்துது. நீர்கட்டி வெத மீன அள்ளிக்கினு போயி வேற தண்ணியில உடுவான். எங்க உட்டான்னு எவன்கிட்டயும் சொல்லக் கூடாது. பொண்டாட்டிகிட்ட, புள்ளைகிட்டகூட. பசி காலத்துல எடம் தெரிஞ்சா எவன் சும்மா இருப்பான்? அதனால வாயத் தைக்கணும். முனிசாமி ஒரு பஞ்சத்துல அப்படித்தான் கொண்டுபோயி உட்டாரு. எந்தக் கெணத்துலன்னு அவரு சாகற வரைக்கும் சொல்லல. மறு வருசம் ஏரியில செவப்புப் பந்து சுத்துச்சு. அதுதான் அவரு சொன்ன பதிலு.

உமாபதி இப்ப ஊருல இல்ல. திருமலையில காண்ட்ராக்டுல துப்புரவு வேல. பக்தருங்க தங்குற சத்திரத்துல தரை தொடைக்கிறான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து, துணி தொவச்சுப் போட்டுக்கினு போவான். பொண்ணு ரூபா புத்தூர் ஆஸ்டல்ல. அதனால நீர்கட்டி வேல ருக்மணி தலையில வந்து வுழுந்துச்சு. தண்ணியில்லாத ஏரிக்கு நீர்கட்டி. ஆனா மீனு இருக்கே.

அவளை மஸ்கட்டுன்னு கூப்புடறதுக்குக் காரணம் இருக்குது. தொண்ணூத்தேழுல நடவு இல்ல, களை இல்லன்னு ஆனப்ப, ஏஜென்டு ஒருத்தன் வந்து வூட்டு வேலைக்குப் பொம்பளைங்கள ஏத்திக்கினு போனான். ருக்மணி ஆறு வருசம் போய் இருந்தா. மஸ்கட்டுன்னுதான் சொன்னாங்க, ஆனா அவ இருந்தது அங்கிருந்து நாலு மணி நேரம் உள்ள, மொட்ட மலைக்கு அடிவாரத்துல ஒரு ஊரு. மழைன்னா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. கல்லும் மணலும்தான். ஆனா மலைக்கு அடியில சொரங்கம் மாதிரி தோண்டி ஒரு வாய்க்காலு கொண்டாந்திருக்கான் அந்தக் காலத்து ஆளு. பலஜ்னு அதுக்குப் பேரு. பேரீச்சந்தோப்பு பூரா அந்தத் தண்ணியிலதான் நிக்குது.

அந்த வாய்க்காலுல அவ பாத்திரம் கழுவுவா. கழுவும்போது வெரல் நீளத்துல மீனுங்க வந்து கையிலேந்தே சோத்துப் பருக்கையக் கொத்தும். மொத நாளு பயந்து கத்திட்டா. அப்புறம் அதுங்கதான் அவளுக்குப் பேச்சுத் தொணை. தமிழ்ல பேசுவா, வெசவுகூட வெய்வா. கல்லுல ஒட்டிக்கினு இருக்கிற பாசியத் துன்னும் மீனு. தண்ணியில வுழுந்து அழுகுற பேரீச்சம்பழத்துல புழு வைக்கும், அந்தப் புழுவத் துன்னும். தும்பி வந்து முட்ட போடும். மீனு குஞ்சா இருக்கும்போது தும்பிப்புழு அதைப் புடிச்சுத் துன்னும். வளந்தப்புறம் மீனு தும்பிப்புழுவத் துன்னும். பழி வாங்குற மாதிரி. தேரை ஒண்ணு வாய்க்கா ஓரத்துல குந்திக்கினு வர்றதையெல்லாம் முழுங்கும். அம்மாம் பெரிய பாலவனத்துல, மொழங்கை அகலத் தண்ணிக்குள்ள இவ்ளோ நடக்குது.

ஒரு கோடையில அந்த வாய்க்காலே நின்னு போச்சு. கடசிக் குட்டை டீத்தண்ணி மாதிரி ஆயிடுச்சு. மீனுங்க போச்சுன்னு ருக்மணி அழுதா. எசமானியம்மா சிரிச்சா. ரெண்டு மாசம் கழிச்சு மலையில மழ பேஞ்சுது. தண்ணி வந்துச்சு, பின்னாலயே மீனும் வந்துச்சு. மலைக்கு உள்ள, கல்லு இடுக்குல, கசியற தண்ணியில போயி ஒளிஞ்சிருந்துச்சாம்.

அதுலேந்து ருக்மணி ஒண்ணு கத்துக்கினா. மீனுக்கு வேண்டியது ஒரு கல்லு இடுக்கும் கொஞ்சம் தண்ணியும்தான். அவ கத்துக்காம உட்டது ஒண்ணு இருந்துது: அந்த இடுக்குல வேற எவனும் இல்ல.

சித்திரை ரெண்டாவது வாரம் ஜேசிபி வந்துச்சு. ஏரி மண்ண அள்ளி புது ரோட்டுக்கு மேடு கட்டப் போறாங்க. காண்ட்ராக்டுகாரன் ஆளு ஒருத்தன், கண்ணாடி போட்டவன், கையில காகிதம் வச்சுக்கினு கரையில நின்னான். மடுகிட்ட ருக்மணி நிக்கறதப் பாத்துட்டு, "ஏம்மா, பக்கக்கு ஜரகம்மா, ஈ குண்ட கூடா தவ்வாலி"ன்னான். அவ தள்ளிப் போவணுமாம், இந்தப் பள்ளத்தையும் தோண்டணுமாம்.

"இதுல மீனு கீதுப்பா. வெத மீனு."

"பட்டுக்கோ, தினு"ன்னான் அவன். புடிச்சுத் துன்னுக்கோ.

"துன்றதுக்கு இல்ல நைனா, இது வெதைக்கு. மழ வர்ற வரைக்கும் இத உட்டுட்டு மிச்சத்தத் தோண்டு."

அவன் காகிதத்தைக் காட்டுனான். அதுல ஏரி பூராவும் ஒரே கட்டமா இருந்துது. மடுன்னு ஒண்ணு அதுல இல்லவே இல்ல. ருக்மணி சர்பஞ்சுகிட்டப் போனா. சர்பஞ்சு, "வண்டல் எடுத்தா ஏரி ஆழமாவும், நல்லதுதானே"ன்னாரு. ஊருல நாலு பேரு டிராக்டர் ஓட்டி அந்த மண்ணத்தான் அடிக்கிறாங்க. அவங்களுக்கு வேல கெடச்சிருக்குது, அவங்க எதுக்கு ஜேசிபிக்கு முன்னால நிப்பாங்க? பட்டாவுக்குப் போராடுன சங்கம் இருந்த காலத்துல பத்து பேரு வந்திருப்பாங்க. அந்தப் பத்து பேருல ஆறு பேரு பெங்களூருல கட்டட வேலையில இருந்தாங்க, ரெண்டு பேரு செத்துப் போயிருந்தாங்க. மிச்சம் ரெண்டு பேரு அந்த நாலு டிராக்டர்காரங்கள்ல இருந்தாங்க.

ஜேசிபி ஏரியோட அந்தக் கோடியிலேந்து தோண்டிக்கினு வந்துச்சு. மடுவுக்கு வந்து சேர எட்டு நாளாவும்னு டிரைவரு சொன்னான்.

ஊருக்கு மேக்கால, கொல்லிமேட்டுல பழைய ஜல்லி குவாரி ஒண்ணு இருந்துது. கல்லு தீந்து உட்டுட்டுப் போயிட்டாங்க. சுத்தி செங்குத்தா பாறை, கீழ முப்பதடியில தண்ணி. நாலு வருசம் மழ இல்லன்னாலும் அதுல தண்ணி வத்தல. ருக்மணி போயிப் பாத்தா. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துது. பாசி இல்ல, கோரை இல்ல, நத்தை இல்ல. ஒரு தவளைகூட இல்ல. சுத்தமா கீதுன்னு நெனச்சா. கல்லுல இன்னா மொளைக்கும், அதுங்க இன்னா துன்னும்னு யோசிக்கல. கரையான் புத்து ஒடச்சுக் கொண்டாந்து போடலாம்னு மட்டும் கணக்குப் போட்டா. ஆறு மாசந்தானே. மலைக்குள்ள கல்லு இடுக்குல இருந்த மீனு இன்னாத்தத் துன்னுச்சு?

மூணு நாளு விடியக்காலையில சுமந்தா. பிளாஸ்டிக் கொடத்துல பாதி சேத்துத் தண்ணி, ஒரு கொடத்துக்கு மூணு மீனு, மேல ஈரச் சாக்கு. விராலு ஈரம் இருந்தா தாங்கும். துள்ளும்போது இடுப்புல கொடம் இடிக்கும், உள்ளேந்து எவனோ ஒதைக்கிற மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வரும். "கம்முனு இரு, உன்ன எவனும் கொழம்பு வக்கல"ன்னு சொல்லிக்கினே நடப்பா.

ரெண்டாவது நாளு குவாரிப் பாதையில ஒரு டெம்போ எதுக்க வந்துச்சு. ஓட்டுனவன் சிரஞ்சீவி, உமாபதியோட அக்கா மகன். இருவத்திரெண்டு வயசு. மெட்ராஸ்ல மீனு மார்க்கெட்டுல ரெண்டு வருசம் இருந்துட்டு வந்திருந்தான். டெம்போவுல பின்னால தார்ப்பாயி இஸ்துக் கட்டியிருந்துது, அடியில தண்ணி சொட்டிக்கினு இருந்துது.

"இன்னா அத்த, காலங்காத்தால கொடத்தத் தூக்கிக்கினு? குவாரிக்கா?"

"துணி தொவைக்க."

"கொடத்துலயா?"

"உங்க மாமன் ஜட்டி. உனக்கு இன்னாடா? நீ எங்கேந்து வர்ற? தார்ப்பாயிக்குள்ள இன்னா?"

"கல்லு அத்த."

"கல்லு தண்ணி உடுதா?"

"கழுவுன கல்லு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் பொய் சொன்னது ரெண்டு பேருக்கும் தெரியும். டெம்போ போச்சு, ருக்மணி நடந்தா. அன்னிக்கு அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ஆனா அவ நீர்கட்டி வூட்டு மருமவ, வாயத் தைக்கணும். அவன் சொல்லாததுக்குக் காரணம் வேற. சொன்னா போலீசு.

மூணாவது நாளு கடசி ரெண்டு மீனையும் கயிறு கட்டிக் கொடத்த எறக்கி உட்டா. இருபத்தாறு. ஒண்ணுகூட வழியில சாவல. அடுத்த வாரம் ஜேசிபி மடுவ அள்ளிக்கினு போனப்ப ருக்மணி கரையில குந்தி வெத்தல போட்டுக்கினு பாத்தா. செல்லியம்மா வந்து, "மீனுங்க எங்கடி?"ன்னா.

"செத்துடுச்சு."

"எல்லாமா? இருபத்தாறு நாளா எண்ணுனியேடி!"

"இருபத்தாறு நாளு இல்ல, இருபத்தாறு மீனு."

"கொழம்பாவது வச்சியா?"

ருக்மணி வெத்தல எச்சியத் துப்புனா. மாமனாரு மாதிரி நாமளும் வாயத் தைச்சு நின்னுட்டோம்னு உள்ளுக்குள்ள ஒரு திமிரு.

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ கரையான் எடுத்துக்கினு குவாரிக்குப் போவா. பாறை விளிம்புல குந்திக்கினு கீழ பாப்பா. முப்பதடி மேலேந்து பாத்தா தண்ணியில தலைங்க வர்றது மட்டும் தெரியும். வந்து, காத்தை முழுங்கிட்டுப் போவும். எண்ணுவா. வைகாசியில இருபத்தாறு. ஆனியில முப்பத்தி நாலு. அவளுக்கு ஆச்சரியம். அப்புறம் நாப்பதுக்கு மேல போச்சு, எண்ணவே முடியல. குட்டையிலயே குஞ்சு பொரிச்சு வளந்துடுச்சா? மூணு மாசத்துல இம்மாம் பெருசா வளருமான்னு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா வேணும்னு நெனைக்கறவங்களுக்கு எண்ணிக்கை கூடுனா போதும். உமாபதி வந்தப்ப அவன்கிட்ட, "ஏரி நெறயட்டும், உனக்கு ஒண்ணு காட்டறேன்"னு மட்டும் சொன்னா.

"ஆம்பள நீர்கட்டி நானா, நீயா?"ன்னான் அவன்.

"நீ தரை தொடைக்கிறவன்"னா அவ. அவன் மொகம் சுருங்கிடுச்சு. அவளுக்கும் வலிச்சுது. ஆனா சொன்னத திரும்ப எடுக்க முடியல.

ஆடி மாசம் ஒரு மத்தியானம். கரையான் கூடையோட விளிம்புல நின்னப்ப டெம்போ சத்தம். சிரஞ்சீவி. அவளப் பாக்காம வண்டிய விளிம்பு வரைக்கும் பின்னால ஓட்டி நிறுத்தி, தார்ப்பாயப் பிரிச்சு, நாலு பிளாஸ்டிக் பீப்பாயக் கவுத்தான். கோழிக் கொடலு, தல, இறக்கை, ரத்தம். நாத்தம் மேல வரைக்கும் வந்துச்சு.

கீழ தண்ணி கொதிச்சுது. அடுப்புல உல கொதிக்கற மாதிரி. கருத்த, வழவழன்னு, மொழங்கை நீளத்துல, மீசை வச்ச தலைங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, பாறையில மோதி, ஒண்ணை ஒண்ணு கடிச்சு. எரநூறு இருக்கும், முன்னூறு இருக்கும். துன்னு முடிச்சுட்டு ஒண்ணொண்ணா மேல வந்து வாயத் தொறந்து காத்தை முழுங்கிட்டுப் போச்சு. விராலு முழுங்கற மாதிரியே.

ருக்மணி கையிலேந்து கூடை வுழுந்துச்சு.

"டேய்! இது இன்னாடா?"

சிரஞ்சீவி தூக்கிவாரிப் போட்டுத் திரும்புனான். "அத்த! நீ இன்னா இங்க? கத்தாத, கத்தாத. சீமக் கெளுத்தி அத்த. ஆப்பிரிக்காலேந்து வந்தது. இன்னாத்தப் போட்டாலும் துன்னும், ஆறு மாசத்துல ஒரு மீனு ரெண்டு கிலோ. பார்டருக்கு அந்தப் பக்கம் குட்டையில வச்சிருந்தேன். இத வளக்கக் கூடாதுன்னு சட்டமாம், மருந்து ஊத்திக் கொல்ல வர்றாங்கன்னாங்க. அதான் ராவோட ராவா அள்ளிக்கினு வந்து சித்திரையில இங்க உட்டேன், அப்ப வெரல் நீளந்தான். யாருக்கும் சொல்லிடாத."

"சித்திரையிலயா?"

"நீகூட அன்னிக்கு வழியில பாத்தியே. கழுவுன கல்லுன்னேனே."

ருக்மணி குந்திட்டா. அப்புறம் சொன்னா. தைச்ச வாய அப்பதான் பிரிச்சா. மடு, ஜேசிபி, கொடம், இருபத்தாறு.

சிரஞ்சீவி கீழ பாத்தான். "அத்த, இந்தக் குட்டையில வேற ஒண்ணும் இல்ல. பாசிகூட இல்ல. நான் பத்து நாளைக்கு ஒருக்காதான் கழிவு கொண்டாறேன். நடுவுல இதுங்க இன்னாத்தத் துன்னும்னு நெனைக்கிற?"

"எதையாவது."

"எதையும்தான், அத்த."

ருக்மணி கெடந்த கூடைய எடுத்து நிமித்துனா.

"நீ அன்னிக்குச் சொல்லியிருந்தா நானே வேற எடம் காட்டியிருப்பேனே"ன்னான் அவன். கெட்டவன் இல்ல அவன். மெட்ராஸ்ல ஐஸ் பொட்டி தூக்கி தோள் மூட்டு தேஞ்சு வந்தவன், அவனுக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் மீனுதான்.

"நீ சொல்லியிருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்"னா ருக்மணி.

அன்னியிலேந்து பத்து நாளு ரெண்டு பேரும் சேந்து வல போட்டாங்க, தூண்டில் போட்டாங்க, கயிறு கட்டிக் கூடை எறக்குனாங்க. வந்ததெல்லாம் கெளுத்தி. ஏழாவது நாளு ஒரே ஒரு விராலு வந்துச்சு. வால் பாதி இல்ல, ஒரு பக்க செதிலு பூரா உரிஞ்சிருந்துது, முதுகெலும்பு தெரியுது. ருக்மணி அத வூட்டுக்குக் கொண்டாந்து அண்டாவுல உட்டா, மஞ்ச தடவுனா. விடிஞ்சப்ப மெதந்துக்கினு இருந்துது.

மீனு ஆபீசுக்குப் போனா. அங்க இருந்த சாரு நல்லாத்தான் பேசுனாரு. மருந்து ஊத்தி அழிச்சுடலாம், எவன் உட்டான்னு எழுதிக் குடு, கேசு போட்டுட்டு வர்றோம்னாரு. ருக்மணி பேனாவக் கையில வாங்குனா. சிரஞ்சீவின்னு எழுதணும். உமாபதியோட அக்கா மொகம் கண்ணுல வந்துச்சு. ஆறு வருசம் இவ மஸ்கட்டுல இருந்தப்ப ரூபாவுக்குச் சோறு போட்டது அந்தக் கை. பேனாவத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டா. சிரஞ்சீவியே புடிச்சுப் புடிச்சு வித்துத் தீத்துடறேன்னு சத்தியம் பண்ணான். புடிச்சான். தீரல. அது முட்ட போடற வேகம் அவன் வல போடற வேகத்த உட ஜாஸ்தி.

அப்புறம் அந்த ஐப்பசி. நாலு வருசம் ஏமாத்துன வானம் ஒரேயடியா ஒடச்சுக்கினு ஊத்துச்சு. ரெண்டாவது நாளே ஏரிக்குள்ள முட்டி தண்ணி. ஊரு ஆடுச்சு. நாலாவது நாளு ருக்மணிக்கு வேற பயம் வந்துச்சு. கொல்லிமேட்டுல பேயற தண்ணியெல்லாம் குவாரிக்குள்ள எறங்குது. குவாரி நெறஞ்சா? அதோட கெழக்கு விளிம்பு மத்தப் பக்கத்த உட ரொம்பத் தாழ்வு. அங்கேந்து ஒரு ஓடை நேரா ஏரிக்குத்தான் வருது.

போன்ல சொல்லி உமாபதிய வரவழைச்சா. அவன், அவ, சிரஞ்சீவி, மூணு பேரும் மணல் மூட்ட தூக்குனாங்க. முப்பது மூட்ட அடுக்குனாங்க. ஆளு போதல. ருக்மணி மழையில நனஞ்சுக்கினு ஊருக்கு ஓடியாந்தா. கண்டிகையில இருந்தவங்க அத்தினி பேரும் ஏரித் தண்ணி வழியற கலங்கல்கிட்ட நின்னாங்க. ஏரி நெறஞ்சா கெங்கம்மாவுக்குப் பொங்க வக்கணும், மேளம் அடிக்கணும். நாலு வருசம் கழிச்சு நெறயுது.

"எல்லாரும் குவாரிக்கு வாங்க! கெளுத்தி எறங்கிடும், ஏரிய அழிச்சிடும்!"

"இன்னா கெளுத்தி?"

அப்பதான் எல்லார் முன்னாலயும் சொன்னா. வெத மீன எங்க உட்டேன், இன்னா ஆச்சு, இப்ப இன்னா வரப் போவுது. மேளம் ஒரு நிமிசம் நின்னுச்சு. ஒரு டிராக்டர்காரன் கேட்டான்: "ரெண்டு கிலோ மீனா?"

"ஆமா."

"சும்மா வருதா?"

சிரிப்பு வெடிச்சுது. செல்லியம்மா மட்டும் சிரிக்கல. "அடிப் பாவி, செத்துடுச்சுன்னியேடி எங்கிட்ட"ன்னா. மேளம் திரும்ப ஆரம்பிச்சுது.

ருக்மணி குவாரிக்குத் திரும்புனப்ப மூட்டைங்க இல்ல. உமாபதியும் சிரஞ்சீவியும் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு இருந்தாங்க, கையில ஆளுக்கொரு கொம்பு. காலு ரெண்டுக்கும் நடுவுல கருத்த முதுகுங்க வழுக்கிக்கினு போவுது. சிரஞ்சீவி கொம்பால அடிச்சுக்கினே இருந்தான். பத்து அடிச்சிருப்பான். நூறு போச்சு.

அந்த வருசம் ஏரி கடல் மாதிரி நின்னுச்சு. நெல்லு வெளஞ்சுது, இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா கார்த்திகையில தவள கத்தல. மொத வாரம் கத்துச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. தலப்பிரட்ட ஒண்ணு இல்ல. கெண்டப் பொடி இல்ல, நத்த இல்ல. நார கூட்டமா வந்து ரெண்டு நாளு நின்னு பாத்துட்டு எங்கியோ போச்சு. கொசு மட்டும் மூட்ட மூட்டயா. செவப்புப் பந்து சுத்துதான்னு ருக்மணி தெனம் கரையில நடந்தா. எங்கியும் சுத்தல.

வைகாசியில ஏரி வத்துச்சு. மீனு புடிக்கிற நாளும் வந்துச்சு. ஊரே எறங்கி, கையில தொடை தண்டி கெளுத்திய தூக்கிக்கினு கூத்தாடுச்சு. வழவழன்னு இருக்குது, சேத்து வாசன அடிக்குதுன்னு ரெண்டு பேரு மொகம் சுளிச்சாங்க. ஆனாலும் துன்னாங்க. ஒருத்தன் வந்து ருக்மணி வூட்டு வாசல்ல ஒண்ணப் போட்டுட்டு, "நீர்கட்டியம்மாவுக்கு மொத மீனு, மருவாதி"ன்னுட்டுப் போனான். கிண்டலு பாதி, நெசம் பாதி. அத அவ நாய்க்குப் போட்டா.

தூம்புக்கு முன்னால ஜேசிபி தோண்டுன பள்ளத்துல மட்டும் தண்ணி மிச்சம் இருந்துது. முன்ன இருந்த மடுவ உடப் பெருசு. உமாபதி திருமலையிலேந்து லீவு போட்டு வந்திருந்தான். நைனா காலத்து மொறப்படி வேலிக்காத்தான் முள்ள வெட்டி, கட்டி, தோள்ல தூக்கிக்கினு வந்து கரையில எறக்குனான். பின்னால வலைங்களோட பசங்க வந்துக்கினு இருந்தாங்க.

"முள்ளு போடட்டா?"ன்னான்.

ருக்மணி பள்ளத்துக்குள்ள எறங்கியிருந்தா. மார் அளவு தண்ணி. சேத்துல கை உட்டுத் தேடுனா. ஏதாவது ஒரு தாய் விராலு, ஒரு குறவ மீனு, சேத்துக்குள்ள புதஞ்சு தப்பிச்சது ஒண்ணு. வெரல்ல மீச பட்டுச்சு. மறுபடி மீச. மறுபடி.

"ருக்கு, சொல்லு. போடவா வேணாமா?"

போட்டா இந்த எழவுங்களுக்கு அவ காவலு. போடலன்னா வல போடுவானுங்க. அடியில எங்கியாவது ஒரே ஒண்ணு இருந்தா அதுவும் போயிடும்.

"ஒண்ணு இருந்தா?"ன்னா.

"இல்லன்னா?"

பசங்க கிட்ட வந்துட்டாங்க. உமாபதி கொஞ்ச நேரம் அவ மொகத்தப் பாத்துட்டு, ஒண்ணொண்ணா முள்ளத் தூக்கித் தண்ணியில போட்டான். பசங்க திட்டிக்கினே திரும்பிப் போனாங்க.

ருக்மணி கரையேறி ஈரச் சேலையோட குந்துனா. முள்ளு நடுவுல தண்ணி கலங்கி, அடங்குச்சு. ஒரு தல மேல வந்து வாயத் தொறந்து காத்தை முழுங்கிட்டுப் போச்சு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. எது எதுன்னு தெரியல. அவ எண்ண ஆரம்பிச்சா.